முந்திக் கேட்ட ஹாரன்

அத்தியாயம் 14

டிவியின் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் அன்றைக்கு மயில்சாமி வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

மொட்டை மாடிக்கு ஏறி, டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரைப் பிடுங்கினார். வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசலில் நின்ற போர்வெல் ரிக் வண்டியின் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்ட கை. பாறைக்குள் சிக்கிய துளையிடும் பிட்டையே மேலே கொண்டுவந்தவருக்கு ஒரு டிவி ஒயர் எம்மாத்திரம்?

"இன்னிக்கு இந்த ஊட்டுல ஒருத்தரும் டிவி பாக்கப்படாது. சொல்லிப்போட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"நானென்னத்துக்குங்க பாக்கறேன்? எனக்கு வேற சோலியில்லையா?" என்றாள் சௌந்திரம், அவளும் யாரையும் பார்க்காமல்.

பட்டறையில் பிட் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறது, வாங்கி வர இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார். சத்தம் திருச்செங்கோட்டு ரோட்டில் ஏறித் தேய்ந்தது.

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த வீடு இப்படித்தான் இருக்கிறது. மகள் தனப்பிரியா என்கிற தனம் கபடி ஆடப் போகக் கூடாது என்று அப்பா சொன்னார். போயே தீருவேன் என்றாள் மகள். "முட்டி ஒடஞ்சு கெடந்தா எவன்டி உன்னையக் கட்டுவான்? படி தாண்டுனீன்னா எங்கிட்டப் பேசாத" என்று அவர் கத்த, அவள் பையைத் தூக்கிக்கொண்டு படி தாண்டியே விட்டாள். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை.

இதில் இன்னொரு சிக்கல். வருகிற வெள்ளிக்கிழமை வாழப்பாடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கமலவேணி போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பொண்ணு ஏதோ ஆடுதாமே?" மயில்சாமி ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்: "அதெல்லாம் காலேஜோட விட்டாச்சுங்க."

விட்டவள் எங்கே இருக்கிறாள்? வடக்கே ஹரியானாவில், அகில இந்தியப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தில் நம் மாநில அணிக்காக இறங்கப் போகிறாள். மாலை நாலு மணிக்கு ஆட்டம்.

பாவம், மயில்சாமிக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அந்த ஆட்டம் எந்தச் சேனலிலும் வருவதாக இல்லை. நெட்டில் மட்டும்தான். முன்வாசலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டவர், கொல்லைப்புறத்துப் பொடக்காளிக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுப் போன கதைதான்.

மூன்றரை மணிக்கு மருமகள் சத்யபிரியா மாடியிலிருந்து லேப்டாப்போடு இறங்கி வந்தாள். பனமரத்துப்பட்டிப் பெண். கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. புருஷன் நவநீதகிருஷ்ணன் இன்னொரு ரிக்கோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்க, அவள் மாடி அறையில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள்.

"அத்தை, இங்க பாருங்க. ஆரம்பிக்கப் போறாங்க."

சௌந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள்.

"எறும்பாட்டம் தெரியுது கண்ணு. எல்லாம் ஒரே மாதிரி டவுசர் போட்டுட்டு நிக்குதுக. இதுல என்ற புள்ள எது?"

அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் சத்யபிரியாவைக் குத்தியது. இந்த அம்மா மகளின் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆட்டம் என்றால் அன்றைக்குப் பால் கறக்க ஆளிருக்காது, இல்லை விருந்தாட ஒறம்பரை வந்திருக்கும். ராத்திரி மகள் வந்ததும் முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் பத்துப் போடுவாள். தனத்தின் ஆட்டத்தை அவள் காயங்களாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"டிவியில மாட்டிரலாங்கத்தை" என்றாள் சத்யபிரியா.

"ஒயர்தான் உங்க மாமன் பூட்டி வெச்சிருக்கறாரே?"

"அது டிஷ் ஒயருங்க. இதுக்கு அது வேண்டாம். லேப்டாப்புல ஒரு முனை, டிவியில ஒரு முனை. கேபிள் ஒண்ணு இருந்தாப் போதும்."

"அப்ப அவரு மாடி ஏறி எறங்குனது?"

"வெயில் காஞ்சதுதாங்க."

சௌந்திரத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது இதுதான் முதல்முறை.

கேபிள் ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்த ஒன்று இல்லை. மாடியில் தேடினார்கள். பீரோவுக்கு அடியில் தேடினார்கள். நவநீதகிருஷ்ணன் ஆகாத சாமான்களைப் போட்டுவைத்த அட்டைப் பெட்டியில் சார்ஜர்கள் பாம்புக் குட்டிகளாய்ப் பின்னிக் கிடந்தன. வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. கடிகாரம் நாலை நெருங்கியது.

சத்யபிரியாவின் கண் ஹால் மூலையில் போய் நின்றது. அங்கே ஒரு சின்னத் திரை. வாசலில் நிற்கும் வண்டிகளையும் டீசல் டேங்கையும் இருபத்துநாலு மணி நேரமும் காட்டும் கேமராவின் திரை. சௌந்திரம் சமையலுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்ப்பது அதைத்தான்.

"அத்தை, அதுக்குப் பின்னாடி இருக்கறது இதே ஒயர்தாங்க!"

"அதக் கழட்டுனா வாசல் தெரியாதே கண்ணு?"

"ஒரு மணி நேரத்துல வாசல் எங்கீங்க ஓடிப்போயிரப் போகுது?"

கழற்றியாகிவிட்டது. வாசல் இருண்டது. இந்த ஒரு காரியத்தால் என்ன ஆகப் போகிறது என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

கேபிள் குட்டை. டிவியோ சுவரில் உயரத்தில். சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டும் எட்டவில்லை. சௌந்திரம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவை இறக்கச் சொல்லி, மேஜைமேல் கவிழ்த்தாள். அண்டாவின் முதுகில் லேப்டாப் ஏறி உட்கார்ந்தது.

டிவியில் ஒன்றும் வரவில்லை. 'நோ சிக்னல்' என்று ஒரு நீலக் கட்டம் மட்டும் திரையில் அங்குமிங்கும் மிதந்தது.

"கெரகமே! என்ன கண்ணு சொல்லுது?"

"இருங்கத்தை, ரிமோட்ல மாத்தோணும்." எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ரிமோட்டில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். திடீரென்று டிவி முழுக்க ஒரு நீலக் கடல் வந்தது.

"ஹரியானாவுல கடலிருக்குதா?"

"இது லேப்டாப்போட வெறும் படமுங்க. ஆட்டம் இங்க நிக்குது, அங்க போகலை." அவள் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினாள். கடல் போய் மைதானம் வந்தது. ஆனால் ஊமையாக வந்தது. சத்தம் மட்டும் அண்டாவின் மேலிருந்து கிணற்றுக்குள் பேசுவதுபோல் வந்தது. அதையும் எதையோ தட்டி மாற்றினாள்.

கூட்டத்தின் இரைச்சல் டிவியிலிருந்து ஹாலுக்குள் கொட்டியது.

"வந்திருச்சு! சாமி, வந்திருச்சு!" சௌந்திரம் மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

ஏழாம் நம்பர் போட்ட பெண் ஒருத்தி குனிந்து ஷூ நாடாவை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டப் போனது. சுவரில் பாதிக்கு அந்த முகம். புருவத்தின் மேல் சின்ன வயதில் கல் பட்ட தழும்புகூடத் தெரிந்தது.

"என்ற புள்ள" என்றாள் சௌந்திரம்.

ஆட்டம் தொடங்கியது. தனம் கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போவதும், நாலு பேர் கையைக் கோத்து வளைப்பதும், அவள் வழுக்கிக்கொண்டு திரும்புவதும் சௌந்திரத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொட்டால் பாயிண்ட், பிடிபட்டால் அவுட் என்று மருமகள் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதுவே போதுமாக இருந்தது. நடுநடுவே படம் உறைந்து, ஒரு வட்டம் கிறுகிறுவென்று சுற்றும். "சுத்தாதடா, சுத்தாதடா" என்று அதட்டுவாள். அது தன் இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டுத்தான் விடும்.

அப்போதுதான் வெளியே ஒரு சத்தம் கேட்டது. பாம்!

"எவனோ ரோட்டுல" என்றாள் சௌந்திரம். கொஞ்ச நேரத்தில் டிவியில் தனம் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

மறுபடியும் பாம்! கொஞ்ச நேரத்தில் தனத்துக்கு இன்னொரு பாயிண்ட்.

மூன்றாவது தடவை ஹாரன் நீளமாக, பாஆஆம் என்று, சுவரெல்லாம் அதிர அடித்தது. சௌந்திரம் நிமிர்ந்தாள். ஒரே ஊரில் ஆயிரம் வண்டி நின்றாலும் தன் வீட்டு ஹாரனைத் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவாள், ரிக்காரன் பெண்டாட்டி.

"இது நம்ம வண்டி."

பழக்கத்தில் மூலைத் திரையைப் பார்த்தாள். அதுதான் இருண்டு கிடக்கிறதே. ஜன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு விலக்கினாள்.

வாசலில் ரிக் வண்டி நின்றது. கேபின் கண்ணாடி ஏற்றியிருந்தது. கேபின் படிக்குக் கீழே, மண்ணில், ஒரு ஜோடித் தோல் செருப்பு. டேஷ்போர்டில் சாமி படம் இருக்கிற வண்டி. மயில்சாமி செருப்போடு ஏறமாட்டார், யாரையும் ஏறவிடவும் மாட்டார்.

"கண்ணு, இங்க வா. உங்க மாமன் செருப்பப் பாரு. பைக்கு வந்த சத்தங்கூட நமக்குக் கேக்கல."

சத்யபிரியா பார்த்தாள். அதே நேரத்தில் டிவியில் கூட்டம் கத்தியது. தனம் இரண்டு பேரை ஒரே வீச்சில் தொட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. "மாமா போன்ல பாக்கறாருங்கத்தை! அவரோடது நேரா வந்துருது. நம்மளது நின்னு நின்னு வர்றதுல அரை நிமிஷம் பின்னாடி ஓடுது. அங்க ஹாரன் அடிச்சப்புறந்தான் இங்க பாயிண்ட்!"

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட மனுஷன், வெயிலில் காய்ந்த கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேர்க்க வேர்க்கப் பார்க்கிறார். பார்ப்பது தெரியக் கூடாது என்று கண்ணாடியை ஏற்றத் தெரிந்தவருக்கு ஹாரனிலிருந்து கையை எடுக்கத் தெரியவில்லை.

"கூப்பிடட்டுங்களா?"

"வேண்டாம். தெரியாத மாதிரியே இரு. கூப்பிட்டா பட்டறைக்குப் போயிருவாரு. மவ ஆட்டத்தப் பாதில வுட்டுட்டுப் போக வேண்டாம், பாவம்."

அதற்கப்புறம் ஆட்டத்தின் சுவையே வேறு. ஹாரன் அடித்ததும் சௌந்திரம் எழுந்து நின்றுகொள்வாள். "வருது பாரு, வருது பாரு" என்பாள். நடக்கப் போவது முன்கூட்டியே தெரிந்தும், தனம் கோட்டைத் தாண்டும்போது நெஞ்சு என்னவோ அப்போதும் அடித்துக்கொள்ளத்தான் செய்தது. சில சமயம் ஹாரன் வராமல் கேபின் கதவில் தட்டென்று ஒரு குத்து விழும். அப்படியென்றால் எதிர் அணிக்குப் பாயிண்ட். ஹரியானாப் பெண்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கதவு நிறையக் குத்து வாங்கியது.

கடைசி நிமிஷம். நம் அணி இருபத்தெட்டு. எதிரணி இருபத்தொன்பது. டிவியில் தனம் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கடைசி ரெய்டு அவளுக்குத்தான்.

"இப்ப அடிச்சிருக்கோணுமே" என்றாள் சௌந்திரம் கிசுகிசுப்பாக.

ஹாரன் அடிக்கவில்லை.

கதவில் குத்தும் விழவில்லை. வாசலில் அப்படி ஒரு அமைதி. டிவியில் தனம் இன்னும் கோட்டைத் தொடவே இல்லை. ஆனால் வெளியே எல்லாம் முடிந்துபோய்விட்ட மாதிரி இருந்தது.

"தோத்துட்டாளா கண்ணு?"

சத்யபிரியா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சௌந்திரத்தின் கண்முன்னால் வந்து நின்றது. தோற்றுத் திரும்பினால் மகளால் வாயைத் திறக்க முடியுமா? 'போனது போதும், இனிச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நில்லு' என்று இந்த மனுஷன் சொன்னால், எதை வைத்து எதிர்த்துப் பேசுவாள்?

கேபின் கதவு திறக்கும் சத்தம். திபுதிபுவென்று காலடி. கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே வந்து நின்றார் மயில்சாமி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"நெட்டு தீந்து போச்சு!" என்று அலறினார். "கடைசி ரெய்டு! எறங்கப் போறா! அதுக்குள்ள தீந்து போச்சு!"

காலையில் ஊரிலுள்ளவர்களெல்லாம் அனுப்பிய வணக்கம் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தவர். ஒரு நாளைக்கு உள்ள நெட் வேறு எப்படிப் போகும்?

பிறகுதான் அவர் கண்ணில் அண்டா பட்டது. அண்டாமேல் லேப்டாப். லேப்டாப்பிலிருந்து டிவிக்கு ஒரு ஒயர். டிவியில், சுவரில் பாதிக்கு, மகள்.

கேட்க ஆயிரம் இருந்தது. கேட்கவில்லை. "இன்னும் எறங்கலியா?" என்றார்.

"இல்லீங்க மாமா. இப்பத்தான் எறங்கறா. உக்காருங்க!"

நாற்காலி இருந்தும் அவர் தரையில், பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தனம் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். எதிரே நாலு பேர். இடது பக்கம் போக்குக் காட்டினாள். யாரும் ஏமாறவில்லை. "வலது மூலைக்குப் போ சாமி, அவ கால் மெதுவா வருது" என்று முனகினார் மயில்சாமி. கேட்டவள்போல அவள் வலது மூலைக்குப் பாய்ந்தாள். மூலையில் நின்றவள் கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரையும் இழுத்துக்கொண்டே தனம் குப்புற விழுந்தாள். கையை நீட்டினாள். நடுக்கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண் தூரம்—

வட்டம் சுற்றியது.

"சுத்துதே! அம்மிணி, சுத்துதே! என்னமோ பண்ணு!"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க மாமா. தொட்டா மறுபடியும் மொதல்லருந்து வரும்."

"தொடாத! யாரும் தொடாதீங்க!"

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சௌந்திரம் மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். தான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியாமலே மயில்சாமி அவள் முந்தானையை இறுகப் பிடித்திருந்தார்.

படம் குதித்து ஓடியது. நடுவர் இரண்டு விரலை உயர்த்தி நின்றார். நம் அணிப் பெண்களெல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தார்கள். குவியலுக்கு அடியில் ஏழாம் நம்பர். முப்பது, இருபத்தொன்பது.

சத்யபிரியா போட்ட கூச்சலில் அண்டா அதிர்ந்தது. சௌந்திரம் ஓடிப்போய் டிவியிலிருந்த மகளின் முகத்தைத் தடவினாள்.

"மாமா, ஹாரன் அடிக்கலீங்களா?" என்றாள் மருமகள்.

அவர் திடுக்கிட்டார். "ஏன்... உள்ள கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டுச்சுங்க."

"பட்டறையில சுப்பையன் போன்ல பாத்துட்டிருந்தான். அந்த லிங்க்க எனக்கும் அனுப்பிவுட்டான். சும்மா என்னன்னு பாக்கலாம்னு..."

டிவியில் யாரோ தனத்தின் முன்னால் மைக்கை நீட்டினார்கள். அவள் இங்கிலீஷில் திக்கித் திக்கி நாலு வார்த்தை பேசினாள். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பா இதப் பாக்கமாட்டாருங்க. பாக்கலீன்னாலும் பரவாயில்ல. பாத்தவங்க யாராச்சும் எங்கூட்டுக்குப் போனா, முட்டி ஒண்ணும் ஒடையலீன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிருங்க."

மயில்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகம் திரும்ப நனைந்தது. வெட்கப்படவில்லை. இடுப்பிலிருந்து டூல்ஸ் பெட்டிச் சாவியை உருவி, கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. நெட்டுக்குத்தான் பஞ்சம், போனுக்கு இல்லை. திரையில் 'வாழப்பாடி' என்று வந்தது.

அவர் போனைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். சுட்ட சட்டியைக் கைமாற்றுவதுபோல அவளிடம் நீட்டினார்.

"நீ பேசு."

"நானென்னுங்க சொல்றது?"

"விட்டுட்டான்னு சொன்னவன் நானு. என்ற வாயால எப்படி மாத்திச் சொல்ல? நீ உள்ளத உள்ளபடி சொல்லிப்போடு."

சௌந்திரம் பச்சையை அமுக்கிக் காதில் வைத்தாள். கமலவேணியின் குரல். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்க பையன் லேப்டாப்ப டிவியில மாட்டி ஏதோ ஆட்டம் பாத்துட்டிருந்தான். அதுல ஏழாம் நம்பர் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு. நீங்க அனுப்புன போட்டோவுல இருக்கற அதே மொகம். அது உங்க பொண்ணாங்க?"

கோபமா, ஆச்சரியமா, அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் என்று சொல்லலாம். ஒரே சாடையில் ஆயிரம் பேர் என்று சொல்லலாம். சௌந்திரம் டிவியைத் திரும்பிப் பார்த்தாள். கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்ற அந்த ஏழாம் நம்பரைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "என்ற புள்ளதான். அவ ஆட்டத்த விடலீங்க. இனியும் விடமாட்டா."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. அவர்கள் வீட்டு டிவி இதைவிடப் பின்தங்கி ஓடியது போலும். இங்கே பேசி முடிந்த பேச்சு அங்கே இப்போதுதான் வந்துகொண்டிருந்தது. சௌந்திரத்தின் காதுக்குள், வாழப்பாடியில் ஏதோ ஒரு ஹாலிலிருந்து, அவள் மகளின் குரல் மறுபடியும் கேட்டது.

"எங்கப்பா இதப் பாக்கமாட்டாருங்க..."